பிறந்து பத்தொன்பது நாள்

சாவியை என்னிடம்தான் தந்தார்கள்.
ஹியூஸ்டன், நான்காம் மாடி, லிஃப்டுக்கு இடப்பக்கம்.
ஒரு மேசை, ஒரு நாற்காலி,
கதவில் தபால் போட ஒரு துளை.
பெயர் ஒட்டும்போது
ஓர் எழுத்து கோணிக்கொண்டது.
நிமிர்த்தவில்லை.
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்.

ஆலை இருப்பது மொன்டானாவில்,
ஆயிரத்து எழுநூறு மைலுக்கு அப்பால்.
கோல்டர் க்ரீக்.
காகிதக் கூழின் வாடை காரின் இருக்கைவரை
ஏறிவிடும் என்பார்கள். நான் போனதில்லை.

எந்த ஊரில் திவால் ஆவது
என்று முடிவெடுத்த கூட்டத்தில்
குறிப்பெடுத்தது நான்.
டெலவேரா, நியூயார்க்கா, இங்கேயா.
நாள் நட்சத்திரம் பார்ப்பதுபோல்
நீதிபதிகளைப் பார்த்தார்கள்.
இவர் வக்கீல் ஃபீஸில் கை வைப்பார்.
அவர் பென்ஷன்காரர் ஒவ்வொருவரையும் பேசவிடுவார்,
ஒரு மத்தியானமே போய்விடும்.
"மொன்டானாவிலேயே..." என்று ஆரம்பித்த ஒருவர்
சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு அமைதியானார்.

"சட்டம் கேட்பது இவ்வளவுதான்," என்றார் லெனோரா ப்ரூயிட்.
"கடந்த நூற்றெண்பது நாளில்
அதிக நாள் எங்கே இருந்தாய்?
பிறந்தே பத்தொன்பது நாள் ஆன பிள்ளையைக் கேட்டால்
பிறந்ததிலிருந்து இங்கேதான் என்று சொல்லும்.
பொய்யா?"

பொய்யில்லை.
அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றோம்.
டன்ரோ டெக்சஸ் ஹோல்டிங்ஸ்.
வங்கியில் ஐயாயிரம் டாலர்,
ஊழியர் யாருமில்லை,
தாயின் கடனுக்கு ஜாமீன்.

இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சேயின் மனு.
நள்ளிரவு தாண்டித் தாயின் மனு.
கன்று எந்தத் தொழுவத்திலோ
பசுவும் அந்தத் தொழுவத்தில்.
பொத்தானை அழுத்தியதும் என் விரல்தான்.

மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்
ஊரில் தலைகாட்ட மாட்டான் என்பது பழைய கணக்கு.
இவர்கள் தலைகாட்டாமல் இருக்க
ஊரையே மாற்றிக்கொண்டார்கள்.

வழக்கைத் திருப்பி அனுப்பக் கோரி
சங்கத்தின் வக்கீல் வந்தார், ராய்ஸ் எங்க்விஸ்ட்.
எங்கள் ஏப்ரலுக்குப் பொருந்தாத கம்பளிக் கோட்டு.
இருபது நிமிடம் பேசினார், பாதி நேரம் நெற்றியைத் துடைத்தார்.
சுவர்த்திரையில் ஒரு தேவாலய ஹால்,
மடக்கு நாற்காலிகளில் நாற்பது பேர்.
ஒருவர் கையை உயர்த்தினார், இறக்கினார்,
மறுபடி உயர்த்தினார்.
மைக் அணைந்திருந்ததை
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
நானும்தான்.

நீதிபதி கடுமையாகப் பேசவில்லை.
நிராகரிக்கிறேன் என்ற சொல்லைத்
தலையணை மேல் வைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் தபால் எடுக்கப் போவேன்.
பீட்சா விளம்பரம். பல் டாக்டர் விளம்பரம்.
முன்பு குடியிருந்தவருக்கு ஏதோ வரி நோட்டீஸ்.
போன வாரம் ஒரு கடிதம், பென்சில் எழுத்து:
டன்ரோ தலைமை அலுவலகம், அறை 414.

ஐயா அல்லது அம்மா,
என் கணவர் கூழ்த்தொட்டியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார்.
அவருடைய காப்பீட்டு அட்டை செல்லாது என்கிறார் மருந்துக்கடைக்காரர்.
போனில் எண் அழுத்தச் சொல்கிறார்கள், அழுத்தினேன்.
ஆகையால் நேரிலேயே வருகிறேன்.
தங்கை மகன் லாரியில் டல்லஸ்வரை கொண்டுவந்து விடுவான்,
அங்கிருந்து பஸ் உண்டாம்.
எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?
உட்கார இடம் இருக்குமா, எனக்கு முழங்கால் சரியில்லை.
ஆர்லீன் ஹாக்ஸ்ட்ரா.

விளக்கைப் போட்டேன்.
அந்த நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்தேன்.
கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை
இன்னும் பிரிக்காமலே இருந்தது,
அசைந்தால் சத்தம் போட்டது.

பதில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை.
ஒரு தாளை எடுத்தேன்.
அன்புள்ள திருமதி ஹாக்ஸ்ட்ரா,
இருக்கிறது.
ஒன்றே ஒன்று.